மட்டாஞ்சேரியில் உத்தராயணம்

கொச்சித் துறைமுகத்தின் பழைய வணிகப் பகுதியாகிய மட்டாஞ்சேரியில், யூதத் தெருவின் கோடியில், பரதேசி யூதப்பள்ளியை ஒட்டி ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. டச்சுக் கம்பெனியாரின் முதன்மை வர்த்தகராக விளங்கிய எசக்கியேல் ரஹபி என்பவர் 1760-ஆம் ஆண்டில் அதைக் கட்டுவித்தார். பள்ளியை நோக்கிய முகத்தில் எபிரேய எண்களும், அரண்மனையை நோக்கிய முகத்தில் மலையாள எண்களும், வேறொரு முகத்தில் ரோமானிய எண்களும் தாங்கிய அந்தக் கடிகாரம், அவ்வழியே மிளகு மூட்டையோடும் ஜபமாலையோடும் போன பல தேசத்தாருக்கும் ஒரே மணியைச் சொல்லி வந்தது. ஆனால் அந்தப் பல தேசத்தாரும் தத்தம் வீட்டில் வைத்திருந்த பஞ்சாங்கங்கள், சூரியன் தெற்கு எல்லையைத் தொட்டு வடக்கே திரும்பும் தினம் எது என்பதில் மட்டும் ஒருநாளும் ஒன்றுபட்டதில்லை. அதைவிட விசேஷம், அந்த வேற்றுமையால் மட்டாஞ்சேரியில் எவருக்கும் எந்தச் சங்கடமும் நேர்ந்ததில்லை. ஏன் நேரவில்லை என்பதை ஆராயப் புகுந்தால், நம்முடைய ஆகாயத்தைப் பற்றியும் நம் முன்னோரின் கணிதத்தைப் பற்றியும் நாம் மறந்துபோன பல விஷயங்கள் வெளிப்படுகின்றன.

மட்டாஞ்சேரி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய பத்துப் பாகையில் இருக்கிறது. டிசம்பர் 21-ஆம் தேதியையொட்டி வரும் ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கு இங்கே 11 மணி 32 நிமிஷ நீளம் உண்டு. ஜூன் மாதத்தில் வரும் மிக நீண்ட பகலோ 12 மணி 42 நிமிஷந்தான். வருஷம் முழுவதிலும் பகலுக்குள்ள ஏற்றத்தாழ்வு எழுபதே நிமிஷம்; அதுவும் ஆறு மாத காலத்தில் நாளொன்றுக்கு அரை நிமிஷம்கூட ஆகாத அளவில் பரவி வருவதால், புலனுக்குத் தட்டுப்படுவதில்லை. இனி, 1663 ஜனவரியில் இந்தக் கொச்சியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக்காரரின் தலைநகரை நோக்குங்கள். ஆம்ஸ்டர்டாமில் மிகக் குறுகிய பகல் 7 மணி 41 நிமிஷம். மிக நீண்டது 16 மணி 48 நிமிஷம். கோடையில் கிடைத்த பகலில் பாதிக்கு மேற்பட்டதை மாரியில் இழந்துவிடுகிற தேசம் அது. கீழ்த்திசை நோக்கி டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் அங்கிருந்து பாய் விரித்த கப்பல் தொகுதிக்குக் கிறிஸ்துமஸ் அணி என்றே பெயர் வழங்கிற்று. ஆண்டின் மிக இருண்ட வாரங்களில் புறப்பட்ட அந்த மாலுமிகள், பகலென்பது பன்னிரண்டு மணியை ஒட்டியே என்றும் நிற்கும் இந்த ஆகாயத்தின் கீழ் வந்து சேர்ந்தபோது எய்திய வியப்பு எத்தகையதாக இருந்திருக்கும்!

இந்த வேற்றுமையைச் சரீரத்தால் அல்லாமல் சமய ஆசாரத்தாலேயே உணர்ந்திருக்கக் கூடியவர்கள் சிலர் உண்டு. 1686-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து மோசே பெரெய்ரா தெ பைவா என்ற யூத வர்த்தகரும் அவருடைய துணைவர்களும் கொச்சிக்கு வந்து, இங்குள்ள தம் மதத்தினரைக் கண்டு அளவளாவி, தாம் கண்டவற்றைப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதி மறுவருஷமே தம் நகரில் அச்சிட்டனர். யூதருக்கு வெள்ளிக்கிழமை அஸ்தமனத்திற்கு முன் விளக்கேற்றிச் சப்பாத்து ஓய்வைத் தொடங்குவது விதி. சூரிய கடிகாரத்தின்படி கணக்கிட்டால் ஆம்ஸ்டர்டாமில் அந்த அஸ்தமனம் டிசம்பரில் பிற்பகல் 3 மணி 50 நிமிஷத்திலும், ஜூனில் இரவு 8 மணி 24 நிமிஷத்திலும் வரும். வாரத்தின் வேலை முழுவதையும் அந்த ஓடும் எல்லைக்கு ஏற்பச் சுருக்கியும் விரித்தும் வாழப் பழகிய இல்லத்தரசி ஒருத்தி, மட்டாஞ்சேரியில் 5 மணி 46 நிமிஷத்திற்கும் 6 மணி 21 நிமிஷத்திற்கும் இடையிலேயே ஆண்டு முழுவதும் அடங்கிவிடும் அஸ்தமனத்தைக் கண்டால், காலமே இங்கு சாந்தமாகிவிட்டதென்று எண்ணியிருப்பாள்.

நமக்குச் சாந்தமாகத் தோன்றும் இந்தச் சூரியனிடத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21-இல் என்றால், மிகச் சீக்கிரமான அஸ்தமனமும் மிகத் தாமதமான உதயமும் அன்றைக்கே நிகழவேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பர். மட்டாஞ்சேரியில் அப்படி நிகழ்வதில்லை. இன்றைய கடிகாரப்படி இங்கே சூரியன் மிக விரைவில் மறைவது நவம்பர் நடுவில், ஆறு மணியளவில். மிகத் தாமதமாக உதிப்பதோ ஜனவரி கடைசி வாரத்தில், 6 மணி 47 நிமிஷத்தை ஒட்டி. பூமியின் பாதை பூரண வட்டமாக இல்லாமையாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும், நடுப்பகல் என்ற கணமே கடிகாரத்தில் நிலையாக நிற்பதில்லை. நவம்பர் நடுவில் 12 மணி 9 நிமிஷத்தில் உச்சியைத் தொடும் சூரியன், ஜனவரிக் கடைசியில் 12 மணி 37 நிமிஷத்திற்கே தொடுகிறது. வடக்கே பகல் சுருங்கும் வேகம் மிகப் பெரிதாகையால் இந்த நகர்வு அதில் அமிழ்ந்துபோய், ஆம்ஸ்டர்டாமில் இரண்டு எல்லைகளும் டிசம்பருக்குள்ளேயே அடங்குகின்றன. கொச்சியிலோ சுருக்கம் அற்பம், நகர்வு பிரதானம். ஆகவே காலையில் கண் விழிப்பவனுக்கு ஒரு அயனமும், மாலையில் கடை கட்டுபவனுக்கு வேறொரு அயனமும் வாய்க்கின்றன. தை பிறந்து பத்து நாள் சென்ற பின்னும் விடியல் தாமதித்துக்கொண்டே போகிறதே என்று இவ்வூர்த் தமிழ்க் குடும்பங்களில் பெரியவர்கள் சொன்னால், அது வயோதிகத்தின் மயக்கமன்று. கணிதம் அவர்கள் பக்கம் இருக்கிறது.

மேலும், குறுகிய பகலென்றால் இருள் மிகுந்த காலம் என்ற வடவர் கருத்தை இங்கே தலைகீழாகத் திருப்பிக்கொள்ள வேண்டும். மட்டாஞ்சேரிக்கு அடுத்த ஃபோர்ட் கொச்சியில், வெளி என்ற இடத்தில், தோபி கானா இருக்கிறது. டச்சுப் படையினரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டவர்களின் சந்ததியாரென்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் வண்ணார் சமூகத்தினர், தலைமுறை தலைமுறையாக அங்கே கல்லில் துவைத்து, முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடையில் துணியைச் செருகி உலர்த்துகிறார்கள். பகலின் நீளம் அவர்களுடைய முதல் அன்று. வெயிலின் அளவே முதல். பஞ்சாங்கம் 12 மணி 42 நிமிஷம் தருகிற ஜூன் மாதத்தில், இடவப்பாதி மழையும் மேகமும் அந்தப் பகலைத் தின்றுவிட, துணிகள் ஈரத்தோடு நாள் கணக்கில் காத்துக் கிடக்கின்றன. ஆண்டின் மிகக் குறுகிய பகலாகிய டிசம்பர்ப் பகலோ, வறண்ட காற்றும் தெளிந்த வானமும் கூடிக் கயிறு கயிறாகத் துணியை உலர்த்திக் கொடுக்கிறது. ஒளியின் வறுமை எந்த மாதத்தில் என்று கேட்டால், ஸ்டாக்ஹோம்வாசி டிசம்பர் என்பார். வெளியின் சலவைத் தொழிலாளி ஆடி மாதமாகிய கர்க்கடகம் என்பார். இருவர் சொல்வதும் மெய்.

இனிப் பஞ்சாங்கங்களின் விஷயத்திற்கு வருவோம். மெய்யான அயனாந்தம் டிசம்பர் 21 அல்லது 22; நம் கணக்கில் மார்கழி ஆறு அல்லது ஏழு. அந்த நாளை மட்டாஞ்சேரியில் எந்தச் சமூகமும் கொண்டாடுவதில்லை. அதற்கு மூன்று நான்கு தினங்கள் தள்ளி டிசம்பர் 25 வருகிறது. ஜூலியஸ் சீசரின் காலத்து ரோமானியர் அயனாந்தமென்று கொண்ட தேதி அதுதான். கிறிஸ்து ஜயந்தி அந்தத் தேதியில் நிலைபெற்றதற்கு அதுவே காரணமா என்பதில் அறிஞரிடையே வாதம் உண்டு. அதில் நாம் புக வேண்டியதில்லை. அதற்கும் பின்னால், ஜனவரி 6-ஆம் தேதியை ஒட்டி, யூதரின் பழைய கணக்கு ஒன்று வைக்கும் அயனம் வருகிறது. சாமுவேல் என்ற பண்டைய ஆசாரியரின் பெயரால் வழங்கும் அந்தக் கணக்கு ஆண்டுக்கு 365¼ நாளென்று கொள்வது. உண்மை ஆண்டு அதைவிட ஏறக்குறைய 11 நிமிஷம் குறைவு. அந்தப் பதினோரு நிமிஷம் நூற்றாண்டுகளாகச் சேர்ந்து சேர்ந்து பதினைந்து நாளாகப் பெருகிவிட்டது. இஸ்ரேலுக்கு வெளியே வாழும் யூதர், இலையுதிர்காலத்து விஷுவத்திலிருந்து அறுபதாம் நாளில் தம் பிரார்த்தனையில் மழையை வேண்டும் வாசகத்தைச் சேர்ப்பது பொதுவிதி. அது நவம்பர் இருபதை ஒட்டி வரவேண்டியிருக்க, மேற்சொன்ன கணக்கின் பிழையால் டிசம்பர் 4 அல்லது 5-ஆம் தேதி மாலைக்குப் போய்விட்டது. எல்லாவற்றிற்கும் கடைசியாக, ஜனவரி 14 அல்லது 15-இல் மகர சங்கராந்தி. தமிழருக்குப் பொங்கல், மலையாளிகளுக்கு மகர விளக்கு. மட்டாஞ்சேரிக் குஜராத்தி வணிகரின் பாஷையிலோ அந்தப் பண்டிகையின் பெயரே உத்தராயணம். சற்றேறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெயர் பொருத்தமாகவே இருந்தது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் நட்சத்திரங்களைக் கொண்டு அளக்கும் ஆண்டும் அயனங்களைக் கொண்டு அளக்கும் ஆண்டும் பிரிந்து, எழுபத்திரண்டு ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் விலகி, இன்று இருபத்துநான்கு பாகை இடைவெளியில் நிற்கின்றன.

இதைப் பற்றி நம்மிடையே சிலர் நகைப்பதும், சிலர் சினந்து பஞ்சாங்கத்துக்கு வக்காலத்து வாங்குவதும் உண்டு. இரண்டும் அநாவசியம் என்பது என் கருத்து. பிழை நேர்ந்ததைவிட, அது இத்தனை காலம் எவர் கண்ணையும் உறுத்தாமல் இருந்ததே சிந்திக்கத்தக்கது. டிசம்பர் 21-இலிருந்து ஜனவரி 14 வரை கொச்சியில் பகல் எவ்வளவு வளர்கிறது? நாலே நிமிஷம். அதே இருபத்துநான்கு நாட்களில் ஆம்ஸ்டர்டாமில் அது அரைமணி வளர்ந்துவிடுகிறது. ஆம்ஸ்டர்டாம்வாசி ஒருவனிடம் ஜனவரி 14-ஆம் தேதி போய், இன்றுதான் சூரியன் திரும்பினான் என்று சொன்னால், அவன் ஜன்னலைத் திறந்து காட்டி மறுத்துவிடுவான். மட்டாஞ்சேரிக்காரன் ஜன்னலைத் திறந்தாலும் அங்கே மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. பத்துப் பாகை ஆகாயத்தின் தாராளம் அப்படிப்பட்டது. எந்தத் தேசத்துச் சூரியனை எந்த நூற்றாண்டிலிருந்து கொண்டு வந்து வைத்தாலும், அது ஆட்சேபமின்றி ஏற்றுக்கொள்கிறது.

கண்ணுக்குத் தெரியாததைக் கணிதத்தால் கண்டவர்களே இந்த மண்ணின் பெருமை. வடக்கிலிருந்து வந்த வேதாங்க ஜோதிஷம், மிக நீண்ட பகல் 18 முகூர்த்தமென்றும் மிகக் குறுகியது 12 முகூர்த்தமென்றும் சொல்லிற்று. நம் கடிகாரத்தில் அவை 14 மணி 24 நிமிஷமும் 9 மணி 36 நிமிஷமும் ஆகும். காஷ்மீரத்தை ஒட்டிய அட்சரேகைக்குத்தான் அந்த விகிதம் பொருந்தும். ஆனாலும் புராணங்கள் அதையே பாரத தேசம் முழுவதற்கும் பொதுவாக ஓதி வந்தன. தெற்கே இருந்த கணிதர்கள் அதை ஓதியதோடு நின்றுவிடாமல், முற்றத்தில் ஒரு முளையை நட்டு நிழலை அளந்தார்கள்.

அந்த முளைக்குச் சங்கு என்று பெயர். உயரம் பன்னிரண்டு அங்குலம். பகலும் இரவும் சமமாகிற விஷுவ தினத்தன்று நடுப்பகலில் அதன் நிழல் எத்தனை அங்குலமோ, அதுவே அந்த ஊரின் அட்சத்தைச் சொல்லும் எண். மட்டாஞ்சேரிக்கு அது 2.1 அங்குலம், தஞ்சைக்கு 2.3, சென்னைக்கு 2.8. அந்த நிழலைப் பத்தாலும், எட்டாலும், மூன்றேகாலுக்குச் சற்று மிகுந்த மூன்றே மூன்றில் ஒன்றாலும் தனித்தனியே பெருக்கிக் கூட்டினால், அயனாந்தத்தன்று அரைப் பகலில் குறையும் காலம் பஞ்சாங்க விநாடிகளில் கிடைக்கும். இந்த விநாடி நாழிகையில் அறுபதில் ஒரு பங்கு, அதாவது 24 செகண்டு. மட்டாஞ்சேரிக்குச் செய்து பாருங்கள்: நாற்பத்தைந்து விநாடி, அதாவது 18 நிமிஷம். முழுப் பகலுக்கு அது 36 நிமிஷமாகி, பன்னிரண்டு மணியில் கழிந்து, 11 மணி 24 நிமிஷம் நிற்கிறது. நவீன வானசாஸ்திரம் சொல்லும் 11 மணி 32 நிமிஷத்திற்கும் இதற்கும் உள்ள எட்டு நிமிஷ பேதம் முளையின் பிழையாலன்று. வாயுமண்டலம் சூரியகிரணத்தை வளைத்து, அடிவானத்துக்குக் கீழே உள்ள பிம்பத்தை மேலே தூக்கிக் காட்டுவதாலும், பிம்பத்தின் நடுவை விடுத்து அதன் மேல் விளிம்பைக் கொண்டே உதயாஸ்தமனத்தை நாம் இன்று கணிப்பதாலும் பெரும்பாலும் வருவது.

சுக்கிரன் சூரியனைக் கடப்பதைக் காண்பதற்காகப் பிரான்சிலிருந்து பயணப்பட்ட லெ ஜாந்தீ என்ற வானசாஸ்திரி, 1769 ஜூனில் புதுச்சேரியில் மேகம் மறைத்ததால் அந்தக் காட்சியை இழந்தார். எனினும் அங்கே தங்கியிருந்த காலத்தில் தமிழ்க் கணிதரிடமிருந்து நம் கணக்கு முறைகளைக் கற்றுக்கொண்டு போய் ஐரோப்பாவிற்கு அறிவித்தார். அந்த விவரங்களை வைத்து எடின்பரோ நகரத்துப் பேராசிரியர் ஜான் பிளேஃபேர் 1790-இல் ஒரு நீண்ட கட்டுரையை வெளியிட்டார். அவருடைய நகரத்துக்கே இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்ப்பது சுவாரசியமாக இருக்கும். எடின்பரோவின் விஷுவ நிழல் 17.76 அங்குலம், அதிலிருந்து கிடைக்கும் குறுகிய பகல் 6 மணி 57 நிமிஷம். அந்நகரில் இன்று கடிகாரம் பார்த்து அளந்தாலும் 6 மணி 57 நிமிஷமே வருகிறது. இதில் பாதி அதிர்ஷ்டம் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்: வட அட்சங்களில் நேர்ப்பெருக்கல் சற்றுக் குறைத்துக் காட்டும் இருளும், கிரணத்தின் வளைவு தரும் கூடுதல் ஒளியும் அந்த ஊரில் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. இன்னும் பத்துப் பாகை வடக்கே போனால் வாய்பாடு முறிந்துபோகும். சூரியன் உதிக்கவே செய்யாத துருவ வட்டத்தின் விளிம்பில்கூட, அது நான்கு மணிக்கு மேற்பட்ட பகலைக் காட்டி நிற்கும்.

அந்த எல்லைக்கு அப்பால் என்ன நிகழும் என்பதையும் நம்மவர் அறியாமல் விடவில்லை. 499-இல் ஆர்யபடர் இயற்றிய நூலின் கோளபாதத்தில், வடதுருவமாகிய மேருவில் உறையும் தேவர்கள் அரை வருஷம் சூரியனைக் காண்கிறார்கள் என்ற செய்தி வருகிறது. திரூருக்கு அருகே திருக்கண்டியூரில் வாழ்ந்து, தந்திரசங்கிரகத்தை இயற்றிய நீலகண்ட சோமயாஜி அந்தப் பாதத்துக்கும் பாஷ்யம் எழுதினார். தமிழ்நாட்டு ஜோதிடராகிய சுந்தரராஜர் அவரிடம் ஐயங்களை எழுப்பி விடை பெற்றாரென்பதும் நமக்குரிய பெருமை. ஜ்யேஷ்டதேவரோ இத்தகைய கணக்குகளின் உபபத்திகளையெல்லாம் யுக்திபாஷை என்ற நூலில் மலையாள வசனமாகவே எழுதிவைத்தார். தேவர்களின் ஆறு மாதப் பகலைக் கண்டு, நம் மூதாதையர் ஒருகாலத்தில் துருவப் பிரதேசத்திலேயே வாழ்ந்திருக்க வேண்டும் என்று லோகமான்ய திலகர் 1903-இல் ஒரு பெரிய நூல் எழுதினார். அவரிடம் நமக்குள்ள பக்தி குறையாமலே, அந்த முடிவை ஏற்க இயலாது என்று சொல்லலாம். பனியை ஒருநாளும் கண்டிராத, மாவும் பலாவும் சூழ்ந்த ஒரு முற்றத்தில் உட்கார்ந்து, கோளத்தின் வடிவத்தையும் அச்சின் சாய்வையும் மனத்தில் நிறுத்தினால், துருவத்தின் இரவு தானே வந்து எதிரில் நிற்கும். அங்கே போயிருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதல்லவா கணிதத்தின் மகிமை!

மனிதன் உணராத அந்த எழுபது நிமிஷத்தைக் கணிதத்தின் துணையின்றியே உணரும் ஜீவன் ஒன்று நம் வயல்களில் இருக்கிறது. கேரளத்தின் பழைய முண்டகன் நெல்வகைகளும் தமிழ்நாட்டின் நீண்டகாலச் சம்பா வகைகளும், எப்போது நட்டாலும், பகல் சுருங்கி இரவு நீளும் பருவம் வந்த பின்பே கதிர் தள்ளும் சுபாவம் உடையவை. எத்தனை அற்பமான வேறுபாட்டை நெல் அறியும் என்பதற்கு மலாக்காவில் நடந்த சோதனை ஒன்று சாட்சி. பூமத்திய ரேகைக்கு இரண்டே பாகை வடக்கே உள்ள அந்த இடத்தில் பகலின் வருஷ வேற்றுமை மொத்தமே 14 நிமிஷம். ஆயினும் சயாம் 29 என்ற நெல், ஜனவரியில் விதைத்தபோது பூக்க 329 நாளும், செப்டம்பரில் விதைத்தபோது 161 நாளும் எடுத்துக்கொண்டதாக 1959-இல் ஓர் ஆராய்ச்சியாளர் வெளியிட்டார். பதினான்கு நிமிஷத்துக்கு இவ்வளவு நுட்பமாக இசையும் ஒரு பயிர், கொச்சியின் எழுபது நிமிஷத்தை எவ்வளவு பெரிய செல்வமாகக் கருதும்! கடலோரத்தில் நாம் சமபகல் தேசத்தில் வாழ்கிறோம் என்று எண்ணிக்கொண்டிருக்க, நெற்பயிர் மட்டும் ஒவ்வோர் ஆண்டும் அயனத்தைத் தவறாமல் அனுஷ்டித்து வந்திருக்கிறது.

கொச்சி யூதர்களில் மிகப் பெரும்பாலோர் 1948-க்குப் பின், முக்கியமாக 1950-களின் நடுவில், இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து போய்விட்டார்கள். அவர்களிற் பலர் குடியேறிய நெவாத்தீம், முப்பத்தோராம் பாகையில், பீர்ஷேபாவை அடுத்த பாலைநிலத்தில் உள்ளது. அங்கே மிகக் குறுகிய பகல் பத்து மணிக்குச் சற்று மேல். மிக நீண்டது பதினான்கு மணிக்குச் சற்று மேல். எழுபது நிமிஷ ஆகாயத்தின் கீழ் பிறந்தவர்கள் நான்கு மணி நேரம் ஏறி இறங்கும் ஆகாயத்திற்குப் போய்ப் பழக வேண்டியிருந்தது. மழைக்கான பிரார்த்தனைக்கும் அங்கே டிசம்பர் விதி இல்லை. அந்தத் தேசத்தின் சொந்த மழைக்காலத்தை அனுசரித்து, மார்ஹெஷ்வான் மாதம் ஏழாம் நாளிலேயே அதைத் தொடங்கிவிடுகிறார்கள். பிழை சேர்ந்த பழைய கணக்கு வெளிதேசத்தாரோடு நின்றுவிட, மழை பெய்யும் மண்ணில் மழையே தேதியை நிர்ணயிக்கிறது.

நம் பஞ்சாங்கத்தைப் பொறுத்தவரை, மேகநாத் சாஹா தலைமையில் 1952-இல் அமைந்த சீர்திருத்தக் குழுவின் யோசனைப்படி 1957-இல் நடைமுறைக்கு வந்த தேசிய நாட்காட்டி, பௌஷ மாதப் பிறப்பை டிசம்பர் 22-இல் வைத்து அயனத்துக்கு அதன் மெய்யான இடத்தைத் திருப்பிக் கொடுத்தது. சர்க்கார் காகிதங்களுக்கு வெளியே அது பரவவில்லை. பொங்கலை எவரும் டிசம்பருக்கு நகர்த்தப் போவதில்லை. நகர்த்தவும் வேண்டாம், அறுவடையும் நட்சத்திரமும் அதற்குப் போதிய ஆதாரங்கள். ஆனால் வீட்டுக்கு வீடு தொங்கும் தினசரிக் காலண்டரில், மார்கழி ஆறாம் நாளின் மூலையில், ராகு காலத்துக்கும் எமகண்டத்துக்கும் கீழே, "இன்று அயனாந்தம்" என்று இரண்டு சொல்லை அச்சிடுவதற்கு என்ன தடை? பள்ளிக்கூட மைதானம் ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு அங்குல முளை ஒன்றை நடுவதற்கு எவ்வளவு செலவாகிவிடும்?

வரும் டிசம்பர் 21 அல்லது 22-இல் மட்டாஞ்சேரியில் அப்படி ஒரு முளையை நட்டால், பகல் 12 மணி 23 நிமிஷத்தில் அதன் நிழல் வடக்கே எட்டு அங்குலத்துக்கு மயிரிழை குறைவாக விழும். ஏப்ரல் நடுவில், விஷு கழிந்த ஓரிரு நாளில், அடியோடு மறையும். ஜூன் அயனத்தில் தெற்கே திரும்பி மூன்று அங்குலத்தை நெருங்கும். அதே டிசம்பர் நாளில் கன்னியாகுமரியில் நட்டவருக்கு ஏழேகாலுக்குச் சற்று மேலும், யாழ்ப்பாணத்தில் நட்டவருக்கு ஏழே முக்காலுக்குச் சற்று மேலும், சென்னையில் நட்டவருக்கு ஒன்பதுக்குச் சற்றுக் குறைவாகவும் வரும். டொராண்டோவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, ஒன்பது மணிகூட நிறையாத அன்றைய பகலின் நடுவில், உறைந்த மண்ணைக் கிளறி அதை நட்டானாகில், நிழல் இருபத்தெட்டு அங்குலத்தைத் தாண்டும். ஆகவே அவன் சற்று அகலமான இடமாகப் பார்த்து நடவேண்டும்.